ஸ்கேனரில் 300 பார், ரெயிலில் 230: ஒரு சென்சர் ஏர்த் வயரின் நிகழ்வு ஆய்வு

வாகனமும் முறைப்பாடும்

ஜப்பானில் பாவித்து இங்கே இறக்குமதியான டீசல் வேன். 2.5 லீற்றர் கொமன் ரெயில் எஞ்சின், முன் இருக்கைகளுக்கு அடியில். பம்ப் தள்ளும் டீசலை ரெயில் என்ற பொதுக் குழாயில் உயர் அமுக்கத்தில் வைத்திருந்து, இன்ஜெக்டர்கள் சிலிண்டருக்குள் தூவும் வகை. நிற்பது வெள்ளவத்தையில். பகலில் கொழும்புக்குள் ஹயர், வார இறுதியில் யாழ்ப்பாணம். உரிமையாளரே சாரதி. அவர் சொன்ன முறைப்பாட்டை அப்படியே எழுதுகிறேன், விடையில் பாதி அதற்குள் இருந்தது.

“தம்பி, காலமை ஒரு தட்டில ஸ்டார்ட் எடுக்கும். ஏ9 வீதியில ஏத்திக்கொண்டு போனாலும் இழுவைக்கு ஒரு குறையும் இல்லை. இஞ்ச காலி வீதியில பின்னேர நெரிசலுக்குள்ள ஊர்ந்தாத்தான் எஞ்சின் உதறுது, பிறகு நிண்டிடும். சூட்டோட திருப்பி எடுக்க கனநேரம் சுத்தவேணும். கொஞ்சம் ஆறவிட்டா ஒண்டுமே நடக்காத மாதிரி எடுக்குது.”

“நிக்கேக்க எஞ்சின் லைட் பத்துதா அண்ணை?”

“சில நாள் பத்தும். கன நாள் பத்தாமலே நிண்டிருக்கு.”

எங்களிடம் வருவதற்கு முன்பே நிறையச் செலவழித்திருந்தார். வேறொரு கராஜில் ஸ்கேன் செய்தபோது பி0193 என்ற பழுதுக் கோட் வந்திருக்கிறது. ரெயில் அமுக்க சென்சரின் சிக்னல் அளவுக்கு மேல் உயர்ந்தது என்பது அதன் பொருள். கோட்டில் சென்சர் என்று இருந்ததால் சென்சரை மாற்றியிருக்கிறார்கள். பஞ்சிகாவத்தையில் வாங்கிய பாவித்த சென்சர், ஆனால் நல்ல நிலையில் இருந்தது. இரண்டு நாள் ஓடி மறுபடி நின்றிருக்கிறது. அதன் பிறகு டீசல் பில்டர், அதற்குப் பிறகு பம்பில் உள்ள சக்ஷன் கொன்ட்ரோல் வால்வ். கடைசியாக நான்கு இன்ஜெக்டரும் மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தொகையைக் கேட்டபிறகுதான் வேறு ஒருவரிடமும் காட்டுவோம் என்று வந்தார்.

இன்ஜெக்டர்வரை போனவர்கள் ஏன் போனார்கள் என்பது எனக்கு விளங்குகிறது. எங்கள் தொழிலில் மூத்தவர்கள் பலர் பம்பும் நொசிலும் மட்டும் இருந்த டீசல் எஞ்சினில் கை பழகியவர்கள். அந்த எஞ்சினில் உதறல் என்றால் நொசில், இழுவை குறைந்தால் பம்ப். டென்சோவின் கொமன் ரெயில் ஹினோ லொறியில் வந்தது 1995 இல். அதற்குப் பிறகு அந்தப் பழைய கணக்கு பாதிதான் செல்லும். இப்போது பம்ப் எவ்வளவு தள்ளவேண்டும் என்பதை எஞ்சினின் கணினியான ஈசியூ ஒரு வயரில் வரும் வோல்ட்டேஜைப் பார்த்து முடிவு செய்கிறது. அந்த வோல்ட்டேஜ் பொய்யானால் நல்ல பம்பும் நல்ல இன்ஜெக்டரும் பழுதானவைபோல் நடக்கும்.

அந்த மூன்று வயர்

ரெயில் அமுக்க சென்சரில் மூன்று பின். ஒன்று ஈசியூ கொடுக்கும் 5 வோல்ட், ஒன்று மின்னோட்டம் திரும்பிப் போகும் சென்சர் ஏர்த், ஒன்று அளவைச் சொல்லும் சிக்னல். உள்ளே ஓர் உருக்குத் தகடு. அமுக்கத்தில் அது மிக நுண்ணிய அளவில் வளைகிறது, அதன்மேல் உள்ள தடைகள் மாறுகின்றன, சிறிய சிப் ஒன்று அதைப் பெருக்கி வெளியே அனுப்புகிறது. இந்த வேனில் பொருத்தியிருந்தது 1800 பார்வரை அளக்கும் வகை (பார் என்பது அமுக்க அலகு). அமுக்கமே இல்லாதபோது 0.5 வோல்ட், 1800 பாரில் 4.5 வோல்ட், இடையில் நேர்கோடு. ஒரு வோல்ட் என்பது 450 பார். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, 300 பார் என்றால் சிக்னல் 1.17 வோல்ட் அளவில் நிற்கவேண்டும்.

சென்சர் தரும் 0.5 வோல்ட் அதன் சொந்த ஏர்த் பின்னிலிருந்து அளக்கப்படும் 0.5 வோல்ட். ஈசியூ அளப்பதோ தன் உள்ளே இருக்கும் ஏர்த்திலிருந்து. இரண்டு ஏர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. நடுவில் உள்ள வயரில் தடை வந்தால் சென்சரின் ஏர்த் மேலே தூக்கப்படும், அதனோடு சிக்னலும் மேலே போகும். ரெயிலுக்குள் எதுவும் மாறாமலே ஈசியூவின் கணக்கில் அமுக்கம் கூடிவிடும்.

எந்த வயர் அறுந்தால் எந்தக் கோட் வரும் என்பது ஈசியூவின் உள் அமைப்பைப் பொறுத்தது. பல ஈசியூக்களில் சிக்னல் வயர் உள்ளே ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டோடு கட்டப்பட்டிருக்கும். அவற்றில் சிக்னல் வயர் அறுந்தாலும் ஏர்த் அறுந்தாலும் வோல்ட்டேஜ் உச்சிக்குப் போய் பி0193 வரும். 5 வோல்ட் வயர் அறுந்தாலோ சிக்னல் ஏர்த்தில் முட்டினாலோ பெரும்பாலும் பி0192, அதாவது சிக்னல் அளவுக்குக் கீழே இறங்கியது என்ற கோட். இந்த வேனில் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது சிக்னல் 5 வோல்ட்டுக்கு ஏறியது, பி0193 வந்தது. கனெக்டரின் சிக்னல் பின்னைச் சென்சர் ஏர்த் பின்னோடு இணைத்தபோது ஏறத்தாழப் பூச்சியத்துக்கு இறங்கி பி0192 வந்தது. இரண்டு நிமிட வேலை. சிக்னல் வயரும் ஈசியூவின் அளக்கும் பகுதியும் உயிரோடு இருக்கின்றன என்று தெரிந்துவிட்டது. ஏர்த் வயர் எவ்வளவு நல்லது என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது.

ஸ்கேனர் சொன்னதும் சொல்லாததும்

சேமித்திருந்த பி0193 இன் உறைநிலைத் தரவில், அதாவது கோட் விழுந்த கணத்தில் ஈசியூ பதிந்துவைத்த எண்களில், வேகம் பூச்சியம், எஞ்சின் ஐடில், கூலண்ட் 84 பாகை. சாரதி சொன்னதோடு பொருந்துகிறது: சூடு, ஐடில், நெரிசல்.

எஞ்சினை ஓடவிட்டு லைவ் டேட்டா பார்த்தால் எல்லாம் அழகாக இருந்தது. கேட்ட அமுக்கம் 300 பார், இருக்கும் அமுக்கம் 300 பார். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இரண்டு கோடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே ஏறின. இதைப் பார்த்த எவரும் அமுக்கம் சரி, அப்படியானால் இன்ஜெக்டர்தான் என்றே முடிவெடுப்பார். முன்பு பார்த்த கராஜிலும் அதுவே நடந்திருக்கவேண்டும்.

அந்த இரண்டு கோடுகளின் ஒற்றுமை எதற்குச் சாட்சி என்று யோசிக்கவேண்டும். ஈசியூ 300 வேண்டும் என்கிறது. சென்சர் 300 என்று சொல்லும்வரை பம்பைத் திறக்கிறது, சொன்னதும் மூடுகிறது. சென்சர் 70 பார் கூட்டிச் சொன்னால் ஈசியூ 230 இலேயே நிறுத்திவிடும், திரையில் 300 என்று இருக்கும். ஓடும் எஞ்சினில் ‘கேட்டது’, ‘இருப்பது’ என்ற இரண்டும் பொருந்துவது பம்பும் வால்வும் கட்டளைக்குக் கீழ்ப்படிகின்றன என்பதற்குச் சாட்சி. ரெயிலுக்குள் உண்மையில் என்ன அமுக்கம் என்பதற்கு அது சாட்சியே இல்லை.

உண்மை தெரியவேண்டுமென்றால் விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு நிலையில் சென்சரைக் கேட்கவேண்டும். அப்படி ஒரு நிலை எல்லா எஞ்சினுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது: இரவு முழுக்க நின்ற எஞ்சின். இன்ஜெக்டர்களின் வழியே கசிந்து ரெயில் அமுக்கம் பூச்சியத்துக்கு வந்திருக்கும். கீயை மட்டும் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல், ரெயில் அமுக்கத்தைப் படிக்கவேண்டும். தராசு முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்காமல் எந்தக் கடைக்காரரிடமும் நாங்கள் சாமான் நிறுத்து வாங்குவதில்லை. சென்சருக்கும் அந்த மரியாதையைக் கொடுக்கவேண்டும்.

வேனை இரவு விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். காலையில் கீ போட்டதும் ஸ்கேனரில் 75 பார். எஞ்சின் தொட்டால் குளிர்ச்சி, ரெயிலில் அமுக்கம் இருக்க வழியே இல்லை. கோட் எதுவும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. சென்சர் கோட் அந்த நேரம் விழுந்திருந்தால் சில ஈசியூக்கள் ஒரு மாற்று எண்ணைத் திரையில் காட்டும். அதை அளவீடு என்று எடுத்துவிடக்கூடாது. அந்தப் பழுதுக் கோட் இருந்தால் அதை அழித்துவிட்டுப் படியுங்கள். எண்ணோடு வோல்ட்டேஜையும் சேர்த்துக் காட்டும் ஸ்கேனராக இருந்தால் வோல்ட்டேஜைப் படியுங்கள்.

மீற்றர் வைத்த இடம்

75 பார் பொய் என்று தெரிந்துவிட்டது. பொய் சொல்வது சென்சரா, வயரா, ஈசியூவா என்பதுதான் மிச்சம்.

கொமன் ரெயிலில் வேலை செய்பவர் மறக்கக்கூடாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஓடும்போது ரெயில் பைப் நட்டு எதையும் தளர்த்தாதீர்கள், கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். பழைய எஞ்சினில் நொசில் பைப்பைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் என்று பார்த்த பழக்கம் இங்கே உயிருக்கு ஆபத்து. ஆயிரம் பாருக்கு மேலான டீசல் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் அது உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய காயம்.

இனி அளவீடு. கனெக்டரைக் கழற்றவில்லை. பின்பக்க ரப்பர் வழியாக மெல்லிய ஊசி முனையை நுழைத்து மூன்று பின்னையும் அளந்தேன். மீற்றரின் கறுப்பு முனை பெற்றரியின் நெகற்றிவில். கீ போட்டு, எஞ்சின் நிறுத்தி:

5 வோல்ட் பின்: 5.02 வோல்ட்.
சிக்னல் பின்: 0.67 வோல்ட்.
ஏர்த் பின்: 0.19 வோல்ட்.

ஏர்த் பின்னில் 0.19 வோல்ட் இருக்கவே கூடாது. நல்ல வயரில் 0.01 அல்லது 0.02 வோல்ட் வரும், 0.05 ஐத் தாண்டினால் நான் தேடத் தொடங்கிவிடுவேன்.

பிறகு கனெக்டரைக் கழற்றி அதே ஏர்த் பின்னை மறுபடி அளந்தேன். 0.00.

இந்த இடத்தில் உரிமையாளர் சொன்னார்: “அவையும் மீற்றர் வச்சுப் பாத்தவைதான் தம்பி. பிளக்கைக் கழட்டிப் பாத்து, அஞ்சு வோல்ட் வருகுது, ஏர்த்தும் இருக்கு, வயரிங் ஓகே எண்டவை.”

அவர்கள் பார்த்தது பொய் இல்லை. கழற்றிய கனெக்டரில் மின்னோட்டம் இல்லை. மீற்றரின் உள் தடை 10 மெகா ஓம் அளவு; அது இழுக்கும் ஓட்டம் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். ஓட்டம் இல்லாத வயரில் எவ்வளவு தடை இருந்தாலும் வோல்ட்டேஜ் விழாது. ஒரே ஓர் இழையில் தொங்கும் வயர்கூட மீற்றருக்கு முழு வயராகத் தெரியும். சென்சரை இணைத்து, அது தன் ஓட்டத்தை இழுக்கும்போதுதான் குறை வெளியே வரும். அந்த ஓட்டத்தையும் அளந்தேன்: ஏறத்தாழ 10 மில்லிஅம்பியர். 0.19 வோல்ட்டை அதால் பிரித்தால் 19 ஓம். ஓர் ஓம்கூட இருக்கக்கூடாத வயரில் 19 ஓம்.

கணக்கு அறிகுறியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். ஒத்துப்போகாவிட்டால் நான் கண்டுபிடித்தது வேறொரு கோளாறு. சென்சருக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜ் 5.02 இலிருந்து 0.19 போக 4.83. பூச்சிய அமுக்கத்தில் அதில் பத்தில் ஒன்று, அதாவது 0.48, அதோடு தூக்கப்பட்ட 0.19 சேர்ந்தால் 0.67. மீற்றரும் அதையே காட்டியது. ஈசியூ அந்த 0.67 ஐ 75 பார் என்று படிக்கிறது. ஸ்கேனரும் அதையே காட்டியது. ஆகவே சென்சர் நல்லது. தனக்குக் கிடைத்த வோல்ட்டேஜுக்கு நேர்மையாகப் பதில் சொல்கிறது.

இதே கணக்கை மற்ற அமுக்கங்களுக்கும் போட்டுப் பார்த்தேன். ஈசியூ 300 பார் என்று நம்பும்போது ரெயிலில் இருப்பது 230 அளவு. 1400 என்று நம்பும்போது இருப்பது 1375. மேலே போகப்போகப் பிழை சுருங்குகிறது. ஏ9 வீதியில் இழுவைக்குக் குறையில்லாமல் ஓடி, காலி வீதி நெரிசலில் உதறியதன் காரணம் இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது. பாரத்தோடு ஓடும்போது 25 பார் குறைவதை எந்தச் சாரதியும் உணரமாட்டார். ஐடிலில் நாலில் ஒரு பங்கு அமுக்கம் போனால் டீசல் சரியாகத் தூவாது, எஞ்சின் உதறும். அமுக்கம் குறைந்ததால் ஒவ்வொரு தடவையும் குறைவான டீசல் போகிறது. ஐடிலைப் பிடித்துவைக்க ஈசியூ இன்ஜெக்டரை அதிக நேரம் திறக்கிறது. ஸ்கேனரில் ஐடில் இன்ஜெக்‌ஷன் அளவு வழமையைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. இன்ஜெக்டர் மாற்றவேண்டும் என்ற முடிவுக்கு அந்த எண்ணும் தூண்டியிருக்கும்.

கோட் இல்லாமல் நிற்கும் நாட்கள்

உதறலுக்கு 19 ஓம் போதும். நின்றுபோவதற்குப் போதாது. அதற்குத் தடை இன்னும் கூடவேண்டும். கூடுகிறதா என்று பார்க்க எஞ்சினை ஓடவிட்டு, மீற்றரில் உச்ச அளவைப் பிடிக்கும் வசதியை ஏர்த் பின்னில் வைத்தேன். எஞ்சின் சூடாகி, இருக்கையை மூடி, அரை மணி நேரம் ஐடிலில் விட்டபோது 0.19 மெதுவாக 0.3 ஐத் தாண்டியது. பிறகு இருக்கைக்குப் பின்னால் போகும் வயர்க் கட்டைக் கையால் அசைத்தேன். சட்டென்று 1 வோல்ட்டைத் தொட்டது, எஞ்சின் நின்றது. எஞ்சின் லைட் பத்தவில்லை.

ஏன் பத்தவில்லை? ஏர்த் 1 வோல்ட் தூக்கப்பட்டால் சென்சருக்குக் கிடைப்பது 4 வோல்ட். ரெயிலில் அமுக்கமே இல்லாவிட்டாலும் சிக்னல் 1.4 வோல்ட். ஈசியூ அதை 400 பார் என்று படிக்கும். ஐடிலுக்கு 300 போதுமே என்று பம்பை மூடும். இன்னும் 400 என்றே தெரிவதால் இன்னும் மூடும். உண்மையான அமுக்கம் விழுந்து எஞ்சின் நிற்கும். 1.4 வோல்ட் என்பது ஒரு நல்ல சென்சர் தரக்கூடிய அளவுதான்; 4.9 வோல்ட்டைத் தாண்டாதவரை சர்க்யூட் பழுது என்று ஈசியூ நினைக்கக் காரணமே இல்லை. சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் பண்ணும்போதும் இதே கதை. ரெயிலில் அமுக்கம் இல்லை, ஆனால் 400 இருக்கிறது என்று ஈசியூ நம்புகிறது. இணைப்பு கொஞ்சம் ஆறி மறுபடி பிடிக்கும்வரை சுற்றவேண்டியதுதான்.

ஏர்த் முழுதாக விட்டுப்போகும் கணத்தில் மட்டும் சிக்னல் உச்சிக்குப் போகும், பி0193 விழும். ஆக அந்தக் கோட் இந்தக் கோளாறின் கடைசிக் கட்டம். அதற்கு முந்தைய எல்லாக் கட்டமும் கோட் இல்லாமலே நடக்கும். “கன நாள் பத்தாமலே நிண்டிருக்கு” என்று அவர் சொன்னதை நான் வேலை அட்டையில் எழுதி அடிக்கோடிட்டது இதனால்தான். கோட் இல்லையென்றால் மின்சாரக் கோளாறு இல்லை என்ற எண்ணம் எங்கள் கராஜ்களில் இன்னும் வலுவாக இருக்கிறது. வாடிக்கையாளரின் காசு அதில்தான் கரைகிறது.

ஈசியூவா, வயரா

19 ஓம் எங்கே? வயரில் எங்காவது இருக்கலாம், ஈசியூவுக்குள்ளும் இருக்கலாம். ஈசியூவைக் கழற்றுவதற்கு முன் வேறொரு சென்சரைக் கேட்டேன். இந்த வேனில் டர்போ அமுக்க சென்சரின் ஏர்த்தும் ஈசியூவின் அதே பின்னுக்குத்தான் போகிறது. எஞ்சின் நிற்கும்போது அது வெளிக்காற்றின் அமுக்கத்தைக் காட்டவேண்டும். கொழும்பு கடல் மட்டம், ஆகவே 101 கிலோபாஸ்கல் அளவு. காட்டியதும் அதுவே. நுவரெலியாவில் இருக்கும் கராஜ்காரர் இதே சோதனையில் 80 அளவைத்தான் எதிர்பார்க்கவேண்டும். ஊரின் உயரம் தெரியாமல் அந்த எண்ணைப் படிக்கக்கூடாது. அந்தச் சென்சர் சரியாகப் படிப்பதால் ஈசியூவின் ஏர்த்தும் இரண்டு வயரும் சேரும் இடமும் நல்லவை. குறை அங்கிருந்து ரெயில் சென்சர்வரை வரும் கிளை வயரில்.

உறுதி செய்ய ஒரு தற்காலிக வயர் இழுத்தேன். ஒரு முனை சென்சரின் ஏர்த் பின்னில், மறு முனை ஈசியூ கனெக்டரின் சென்சர் ஏர்த் பின்னில். சிக்னல் 0.67 இலிருந்து 0.50 க்கு இறங்கியது. ஸ்கேனரில் பூச்சியம்.

இந்தச் சோதனையைச் செய்பவர்கள் அந்த வயரை பொடியிலோ எஞ்சின் புளொக்கிலோ முட்டவைத்து, வேலை செய்கிறது என்று அப்படியே நிரந்தரமாகக் கட்டிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். ஸ்டார்ட் மோட்டர் சுற்றும்போது புளொக்குக்கும் ஈசியூவுக்கும் இடையில் வோல்ட்டேஜ் வித்தியாசம் வரும், அது நேரே சிக்னலில் ஏறும். சென்சர் ஏர்த் ஈசியூவுக்குத் தனி வயரில் போகும்படி அமைத்திருப்பதே அதைத் தவிர்க்கத்தான்.

ஓம் மீற்றரை நம்புவோருக்காக இன்னொன்று. இரண்டு முனையையும் கழற்றி ஓம் பார்த்தபோது ஒரு தடவை 3, வயரைத் தொட்டதும் 20, விட்டதும் வேறு. அதே வயர் வழியாக, ஈசியூ கனெக்டரும் சென்சர் கனெக்டரும் கழற்றிய நிலையில், பெற்றரியிலிருந்து ஒரு 5 வாட் பல்ப்பைப் பத்தவைத்தபோது மங்கலாகவே பத்தியது. பக்கத்து நல்ல வயரில் முழு வெளிச்சம். மீற்றரைவிட அந்தப் பல்ப் தெளிவாகப் பேசியது. ஈசியூ இணைந்திருக்கும்போது மட்டும் இந்தப் பல்ப் சோதனையைச் செய்துவிடாதீர்கள், ஈசியூ கருகும்.

கட்டைப் பிரித்தபோது

சாரதி இருக்கைக்குப் பின்னால், வயர்க் கட்டு ஒரு பிரக்கெட்டின் மேல் வளையும் இடத்தில், கம்பனி சுற்றிய ரேப்புக்கு (ஒட்டுநாடாவுக்கு) நடுவே ஒரு சாண் நீளத்துக்கு வேறு ரேப் சுற்றியிருந்தது. பிரித்தால் உள்ளே முறுக்கி இணைத்த வயர்கள். ஈயம் இல்லை, கிரிம்ப் இல்லை, விரலால் முறுக்கி ரேப் சுற்றியது மட்டும். ரெயில் சென்சரின் ஏர்த் வயரில் செம்பு பச்சையாகி, இரண்டு மூன்று இழைதான் தொட்டுக்கொண்டிருந்தது.

உரிமையாளருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. 2022 இல் டீசல் இல்லாமல், எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வரும்வரை வேன் வாரக்கணக்கில் வீட்டோடு நின்றிருக்கிறது. எஞ்சினுக்குள் எலி கூடு கட்டி வயரைக் கடித்திருக்கிறது. டீசல் கிடைத்த அன்றே ஓடவேண்டிய அவசரத்தில் பக்கத்தில் யாரோ ஒருவர் இணைத்துக் கொடுத்திருக்கிறார். அன்றைய நிலையில் அந்த அவசரத்தை நான் குறை சொல்லமாட்டேன். பலருடைய பிழைப்பு அந்த நாட்களில் ஒரு ஹயரில் தொங்கியது. ஆனால் வெள்ளவத்தைக் கடற்காற்றில், வேன் கழுவும் தண்ணீரும் எஞ்சின் சூடும் மாறிமாறிப் படும் இடத்தில், முறுக்கிய செம்பு நிலைக்காது. இணைத்தபோது நன்றாகத்தான் ஓடியிருக்கும். பச்சை பிடிக்கக் காலம் எடுத்தது.

பச்சை பிடித்த வயரில் தெரியும் பகுதியை மட்டும் வெட்டினால் போதாது. ஈரம் இழைகளுக்கிடையே உறைக்குள் ஏறிப் போகும். செம்பு பளபளக்கும் இடம்வரை இரண்டு பக்கமும் வெட்டி, 0.5 சதுர மில்லிமீற்றர் வாகன வயரால் புதுத் துண்டு போட்டேன். கிரிம்ப் இணைப்பு, அதன்மேல் உள்ளே பசை உருகும் வகை ஹீட் ஷ்ரிங்க். இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக வைத்தேன். எலி கடித்த மற்ற வயர்களிலும் அதே முறுக்கு இணைப்புகள் இருந்தன. டர்போ அமுக்க சென்சரின் சிக்னல் வயரும் அவற்றில் ஒன்று. அது இன்னும் கெடவில்லை. கெடும்வரை காத்திருப்பதில் பொருள் இல்லை என்பதால் எல்லாவற்றையும் மாற்றினேன். பிறகு குழாய் போட்டு, பிரக்கெட்டின் கூர்விளிம்பில் படாதபடி கட்டினேன்.

வயர் உறையை ஊசியால் குத்தி அளப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்தச் சின்னத் துளையும் இதே பச்சைக்கு வாசல். கனெக்டரின் பின்பக்கம் இருக்கிறது, அங்கே அளவுங்கள்.

கழற்றிய பழைய சென்சரை உரிமையாளர் ஒரு பையில் வைத்திருந்தார். மேசையில் 5 வோல்ட் கொடுத்துப் பார்த்தேன்: 0.50. பூச்சியத்தில் அது சரி என்பதற்கு இது போதும், 1500 பாரில் எப்படி என்று மேசையில் சொல்லமுடியாது. இப்போது பொருத்தியிருப்பது சரியாக வேலை செய்வதால் ரெயிலில் இன்னொரு தடவை கை வைக்க நான் விரும்பவில்லை. அந்தப் பையையே மாற்றுச் சாமானாக வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

திருத்தத்துக்குப் பிறகு

கீ போட்டு, எஞ்சின் நிறுத்தி: ஏர்த் பின் 0.01, சிக்னல் 0.50, ஸ்கேனரில் பூச்சியம். ஐடிலில் கேட்டது 300, இருப்பது 300. முன்பு காட்டிய அதே எண்தான். இம்முறை அது உண்மை என்பதற்கு மற்ற எண்கள் சாட்சி சொல்லின: ஐடில் இன்ஜெக்‌ஷன் அளவு இறங்கியது, சக்ஷன் கொன்ட்ரோல் வால்வுக்குப் போகும் ஓட்டம் மாறியது, காதுக்கே உதறல் நின்றது தெரிந்தது. வயர்க் கட்டை எவ்வளவு அசைத்தாலும் ஏர்த் பின் 0.01 ஐ விட்டு நகரவில்லை.

பின்னேரம் ஐந்தரைக்கு வேனை எடுத்துக்கொண்டு காலி வீதியில் வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிவரை ஊர்ந்தோம். நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, இருக்கையை மூடி அரை மணி நேரம் விட்டு எடுத்தோம். முதல் சுற்றிலேயே பிடித்தது. இன்ஜெக்டர் நான்கும் பழையவைதான். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஈசியூ கூட்டிக் குறைக்கும் திருத்த அளவுகள் நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்து நிற்கின்றன. இப்போதைக்கு மாற்றக் காரணம் எதுவும் இல்லை.

அந்த வார இறுதியில் வேன் யாழ்ப்பாணம் போய் வந்தது. அடுத்த சேர்விசுக்கு வரும்போது கனெக்டரைக் கழற்றாமல் அதே ஏர்த் பின்னை மறுபடி அளப்பதற்காக, 0.01 வோல்ட் என்று திகதியோடு வேலை அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.